தடுப்பூசிக்கு முன் ஐந்து நிமிடம், பின் அரை மணி நேரம்

தமிழ்நாடு அரசின் மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் பொது சுகாதார இயக்குநரகத்துக்கும், வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளின் பெற்றோரும் பயிற்சியாளர்களும் சேர்ந்து எழுதும் திறந்த மடல்

வணக்கம்.

புதன்கிழமைதோறும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி வரிசை நிற்கிறது. 6, 10, 14 வாரங்களில், ஒன்பது மாதம் முடிந்ததும், பிறகு பதினாறு மாதத்துக்கு மேல் என்று, ஒன்றரை வயது தாண்டுவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் அந்த வரிசையில் வந்து போய்விடுகின்றன. ஊசி போட்டபின் "அரை மணி நேரம் இருந்துட்டுப் போங்க" என்று செவிலியர் சொல்கிறார். அம்மாக்கள் பெஞ்சில் உட்கார்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தில் அவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. இரண்டரை, மூன்று வயதில் "பேச்சு வரல, கூப்பிட்டாத் திரும்பல" என்று மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு வரும் பிள்ளையின் தாய் சேய் நல அட்டையைப் புரட்டிப் பாருங்கள். ஊசிக் கட்டங்களில் தேதி இருக்கும். வளர்ச்சிப் படங்கள் அச்சிட்ட பக்கத்தில் ஒரு பேனாக்கோடுகூட இருக்காது.

நாங்கள் கேட்பது இதுதான்: ஊசிக்கு முன் ஐந்து நிமிடம் பிள்ளையைப் பாருங்கள், ஊசிக்குப் பின் அந்த அரை மணி நேரத்தில் அம்மாவிடம் பேசுங்கள். வரிசை மாறக்கூடாது. ஊசி குத்தி அழுகிற பிள்ளை சிரிக்காது, சுட்டிக்காட்டாது, பொம்மையை வாங்காது. அப்போது பரிசோதித்தால் நலமான பிள்ளையும் தாமதம் என்று பதிவாகும்.

இதற்கென்றுதான் 2013-இல் பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியத் திட்டம் வந்ததே என்று நீங்கள் சொல்லலாம். நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வருவது உண்மைதான். ஆனால் வண்டி வரும் நாளில் அங்கன்வாடியில் இருப்பவர்கள் இரண்டு வயதைத் தாண்டி, நடந்து வரக்கூடிய பிள்ளைகள். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு இணை உணவு மாவு மட்டுமே வீட்டுக்குப் போகிறது. அதையும் பாட்டியோ அண்டை வீட்டாரோ வாங்கிப் போவார்கள். நடக்காத, அதிகம் அழுகிற, ஊரார் கண்ணில் படக்கூடாது என்று வீட்டில் வைத்திருக்கும் பிள்ளைதான் அன்றைக்கு வராத பிள்ளை. தடுப்பூசிக்கு மட்டும் அந்தப் பிள்ளையும் வருகிறது.

கருவி புதிதாகத் தேட வேண்டியதில்லை. பக்கத்து மாநிலத்தில் உருவான திருவனந்தபுரம் வளர்ச்சிப் பரிசோதனை அட்டை 1991-இலிருந்து அச்சில் இருக்கிறது. இரண்டு வயது வரைக்குமான அட்டையில் பதினேழே செயல்கள், ஒவ்வொன்றும் ஒரு கிடைப்பட்டை. பிள்ளையின் வயது எங்கே வருகிறதோ அங்கே ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முழுதாக முடிந்துவிட்ட பட்டைகளில் உள்ளவை எல்லாவற்றையும் பிள்ளை செய்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் மேலே அனுப்ப வேண்டும். ஒரு முற்பகல் பயிற்சியில் கிராம சுகாதார செவிலியர் கற்றுக்கொண்டுவிடலாம்.

அட்டை இருந்தும் எங்கே தவறும் என்றால், பார்க்காமல் கேட்பதில். "உக்கார்றானா?" என்று கேட்டால் எந்த அம்மாவும் "ம்" என்றுதான் சொல்வார். தலையணைகளுக்கு நடுவில் முட்டுக்கொடுத்து உட்கார வைப்பதும் அவர் கணக்கில் உட்கார்வதுதான். பாயில் இறக்கிவிட்டு, கையை எடுத்து, நாம் பார்க்க வேண்டும். பதினான்காவது வாரத்தில்: முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறதா, சிவப்பு நூல்பந்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்தினால் கண் தொடர்கிறதா, இரு கையையும் பிடித்து மெல்லத் தூக்கினால் தலை அடியோடு பின்னால் தொங்குகிறதா, கட்டைவிரல் உள்ளே மடங்க முஷ்டி எந்நேரமும் இறுகியே இருக்கிறதா. ஒன்பதாம் மாதத்தில்: பிடிமானமின்றி உட்கார்தல், ஒரு கையிலிருந்து மறுகைக்குப் பொருளை மாற்றுதல், 'பாபா, தாதா' என்று அடுக்கொலி, பெயருக்குத் திரும்புதல். பதினாறு, பதினெட்டு மாதத்தில்: தனியே நடை, ஒரு பொரியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக எடுத்தல், பொருளுள்ள ஓரிரு சொல், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுதல். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுகளின்படி நலமான பிள்ளைகள் துணையின்றி உட்கார்வது 9.2 மாதத்துக்குள், தனியே நடப்பது 17.6 மாதத்துக்குள். ஆக, ஒன்பது மாத ஊசியும் பதினெட்டு மாதத்தை ஒட்டிய ஊசியும் சரியாக அந்த வாசல்களில்தான் நிற்கின்றன. யாரும் திட்டமிட்டுப் பொருத்தியதில்லை. பயன்படுத்தாமல் விடுவது வீண்.

விரல் நீட்டுவதைப் பற்றி ஒரு சொல். தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் கையைப் பிடித்துக் குடத்தின் மேல் கொண்டுபோய் வைக்கும் பிள்ளை, சுட்டிக்காட்டும் பிள்ளை இல்லை. வேண்டும் என்பதற்காகக் காட்டுவது ஒன்று; வானத்தில் நிலாவைக் காட்டி, காட்டிய கையோடு அம்மா முகத்தைத் திரும்பிப் பார்ப்பது வேறொன்று. இரண்டாவதுதான் ஆட்டிசத்தில் முதலில் விடுபடுவது. நம் பிள்ளைத்தமிழ் மரபு கைதட்டிச் சப்பாணி கொட்டுவதை ஒன்பதாம் மாதத்திலும், 'வா' என்றழைக்கும் வாரானையை ஒரு வயதை ஒட்டியும், அம்புலி காட்டுவதை அதற்குப் பிறகும் வைத்தது. மாதக்கணக்கு நூலுக்கு நூல் சற்று மாறினாலும் வரிசை இன்றைய மருத்துவ அட்டையோடு ஒத்துப்போகிறது. செவிலியர் பயிற்சியில் இதைச் சொன்னால் மனதில் நிற்கும்.

குறைமாதப் பிள்ளைகளிடம் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஊசி பிறந்த தேதிப்படி; வளர்ச்சி, பிறந்திருக்க வேண்டிய தேதிப்படி. 32 வாரத்தில் பிறந்த பிள்ளை ஒன்பது மாத ஊசிக்கு வரும்போது வளர்ச்சிக் கணக்கில் ஏழு மாதத்துப் பிள்ளை. இரண்டு வயது வரை இப்படிக் கழித்தே பார்க்க வேண்டும். கழிக்காமல் பயமுறுத்துவது ஒரு பிழை. "கொறமாசந்தானே, மெதுவா வரும்" என்று மூன்று வயது வரை கழித்துக்கொண்டே போவது அதைவிடப் பெரிய பிழை.

பெற்றோர் பெருமையாகச் சொல்வதிலும் அபாயம் ஒளிந்திருக்கும். ஒரு வயதுக்கு முன்பே "இவன் எடக்கைக்காரன்" என்றால், வலக்கையை விரித்துப் பார்க்க வேண்டும். அந்த வயதில் கைப்பழக்கம் உறுதியாவதில்லை. ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால் மற்றக் கையில் பலக்குறைவு இருக்கலாம், மூளையின் ஒரு பக்கம் பாதிக்கப்பட்டிருக்கலாம். தலைச்சுற்றளவும் அப்படித்தான், யாரும் அளப்பதில்லை. பிறக்கும்போது ஏறக்குறைய 34 செ.மீ., முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2, அடுத்த மூன்று மாதம் 1, பிறகு ஒரு வயது வரை அரை செ.மீ. என்பது பொதுக்கணக்கு. துணி நாடா நாளாக ஆக இழுபட்டு நீளும். இழுபடாத நாடா வாங்கிக் கொடுங்கள்.

இனி, தாமதத்தைத் தாமதப்படுத்தும் வாக்கியங்கள். "ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும்." "அவங்கப்பாவே நாலு வயசுலதான் பேசினாரு." பாட்டி சொன்னால் பரவாயில்லை. மருத்துவரே சொன்னால், அந்தக் குடும்பம் ஓராண்டு திரும்ப வராது. ஆறுதல் சொல்வதில் தவறில்லை, ஆறுதலோடு ஒரு தேதியும் சொல்ல வேண்டும்: "பார்ப்போம், ஆறு வாரம் கழித்து இதே புதன்கிழமை கொண்டு வாருங்கள்." இன்னொரு பக்கம், "போன் காட்டிக் காட்டித்தான் பிள்ளை இப்படி ஆயிட்டான்" என்று அம்மாவைக் குற்றவாளியாக்குவது. இரண்டு வயதுக்கு முன் திரை வேண்டாம் என்பது நல்ல அறிவுரை. ஆனால் அதைச் சொல்லிவிட்டுக் காது கேட்கிறதா என்று பார்க்காமல் அனுப்புவது மருத்துவம் ஆகாது. வட்ட வாக்கர் விஷயத்திலும் உறுதியாகச் சொல்லலாம்: கனடா 2004-லேயே அதை விற்கத் தடை போட்டது. நம்மூர் மர நடைவண்டி வேறு. தானாக எழுந்து நிற்கத் தெரிந்த பிள்ளைதான் அதைத் தள்ள முடியும். வட்ட வாக்கர் நிற்கத் தெரியாத பிள்ளையைத் தொங்கவிட்டு உருட்டுகிறது.

ஒன்றில் மட்டும் ஆறு வாரமும் கூடாது, ஆறு நாளும் கூடாது. மூன்று மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள், தூங்கி எழுந்ததும் பிள்ளை திடுக்கென்று தலையையும் கைகளையும் முன்னால் மடக்கி, ஓரிரு நொடியில் விட்டு, மறுபடி மடக்கி, இப்படிப் பத்து இருபது தடவை கொத்தாகச் செய்கிறதா? வீட்டில் 'தூக்கிப் போடுது' என்பார்கள். வயிற்றுவலி என்றும் பயந்துபோச்சு என்றும் ஓமத் தண்ணீரும் மந்திரிப்புமாக வாரங்கள் போகும். இது குழந்தைப் பருவ வலிப்பில் மிகக் கொடிய ஒரு வகை. சில நாட்களுக்குள் மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்து, ஹார்மோன் ஊசியோ ஸ்டீராய்டோ விகாபாட்ரின் என்ற வலிப்பு மருந்தோ தொடங்க வேண்டும். தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் பிள்ளையின் அறிவு வளர்ச்சியில் கழிகிறது. அம்மாவிடம் "போனில் வீடியோ எடுத்து வாங்க" என்று சொன்னால் போதும், பாதி நோயறிதல் முடிந்துவிடும். வந்த சொல் போய்விட்டது, வந்த நடை போய்விட்டது என்றாலும் இதே அவசரம்தான்.

பரிந்துரைச் சீட்டுக்கு வருகிறோம். 'வளர்ச்சித் தாமதம்' என்ற இரண்டு சொல்லோடு, இப்பிள்ளைகளுக்குப் பரிசோதனையும் பயிற்சியும் தரும் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புகிறீர்கள். அங்கே எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. சீட்டில் வேண்டியது: குறைமாதம் கழித்த வயது, எது வருகிறது, எது வரவில்லை, பிறந்ததும் அழுததா, தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை நாள், மஞ்சள் காமாலைக்கு ஒளிச் சிகிச்சையா, இரத்த மாற்றா, வலிப்பு உண்டா, பெற்றோர் சொந்தத்தில் திருமணம் செய்தவர்களா, காது பரிசோதனை ஆயிற்றா. கூடவே பிறந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டு நகல். எல்லாவற்றுக்கும் மேலாக, நாளும் நேரமும் எழுதிய ஒரு வரி. 'போய்ப் பாருங்கள்' என்று அனுப்பினால் அறுபது கிலோமீட்டர் பேருந்தில் வந்து, டாக்டர் இன்றைக்கு இல்லை என்று திரும்பிப் போவார்கள். ஒரு நாள் கூலி போன குடும்பம் இன்னொரு முறை யோசிக்கும்.

பரிசோதனைகளின் வரிசை பல இடங்களில் தலைகீழாக இருக்கிறது. முதலில் மயக்க மருந்து கொடுத்து எம்.ஆர்.ஐ., கடைசியில் காது. பேச்சு வராத ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலில் காதுதான். அதிலும் உள்வரிசை உண்டு: காதில் குறும்பியோ நீரோ இருக்கிறதா என்று பார்த்து, பிறகு உட்செவி வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ., பிறகு ஒலி நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா. ஓ.ஏ.இ. சரியாக வந்ததும் 'காது நல்லா இருக்கு' என்று முடித்துவிடுகிறார்கள். கடும் மஞ்சள் காமாலை கண்ட, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பிள்ளைகளில் உட்செவி வேலை செய்தும் நரம்பு செய்தியைச் சரியாகக் கடத்தாத நிலை உண்டு. அதில் ஓ.ஏ.இ. தேறும், பெராதான் காட்டிக்கொடுக்கும். பெராவுக்குப் பிள்ளை தூங்க வேண்டும். ஊரிலிருந்து பேருந்தில் தூங்கிக்கொண்டே வரும் பிள்ளை பரிசோதனை அறையில் விழித்துக்கொள்ளும். 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி அடுத்த மாதம் வரச் சொல்வார்கள். முந்தைய இரவு தாமதமாகத் தூங்க வையுங்கள், விடியற்காலை எழுப்புங்கள், பேருந்தில் தூங்கவிடாதீர்கள், பால் இங்கே வந்து கொடுங்கள் என்று நான்கு வரி அச்சிட்டுச் சீட்டோடு கொடுத்தால் இந்த அலைச்சல் பாதி குறையும். பிறந்து ஒரு மாதத்துக்குள் காது பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கேட்கும் கருவி என்பது உலகெங்கும் சொல்லும் கணக்கு. முதலமைச்சர் காப்பீட்டில், அறுவை செய்து உட்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவி வைக்கவும் ஆறு வயது என்ற எல்லை இருக்கிறது. நான்கு வயதில் கண்டுபிடித்துவிட்டு அந்த எல்லையை எட்டிப் பிடிக்க ஓடும்போது, மொழி படிய வேண்டிய ஆண்டுகள் போயிருக்கும்.

காதோடு சேர்த்து விலை குறைந்த, குணமாக்கக்கூடிய காரணங்களைப் பாருங்கள்: தைராய்டு, இரும்புச்சத்து, பி12. தாய்ப்பால் மட்டுமே குடித்து வளரும், வெளுத்த, விரல் முட்டிகள் கறுத்த, கை நடுங்கும், சிரிப்பு குறைந்துபோன பிள்ளைக்குப் பி12 ஊசி போட்டால் சில நாளில் முகம் தெளியும். ஆண்பிள்ளை நடப்பது தாமதம், கெண்டைக்கால் பருத்திருக்கிறது என்றால் சி.கே. என்ற ஒரே இரத்தப் பரிசோதனை தசைநோயைக் காட்டும். எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தலை அளவு மாறியிருந்தால், வலிப்பிருந்தால், ஒரு பக்கம் பலம் குறைந்திருந்தால் அது வேண்டும். எல்லோருக்கும் முதல் நாளே வேண்டாம்.

இவ்வளவும் பார்த்தபின் மரபணு. காரணம் தெரியாத வளர்ச்சித் தாமதத்தில் குரோமோசோம்களில் விடுபட்ட, கூடிய துண்டுகளைத் தேடும் மைக்ரோஅரே முதல் பரிசோதனை; ஆனால் ஃப்ரஜைல் எக்ஸ் என்ற மரபணுக் கோளாறு அதில் தெரியாது, தனியே கேட்க வேண்டும். அத்தை மகன், மாமன் மகள் திருமணங்கள் மிகுந்த நம் மாவட்டங்களில், பெற்றோர் இருவரும் நோயின்றிச் சுமக்கும் பிழை பிள்ளையிடம் வெளிப்படும் நோய்களுக்கு, மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படிக்கும் எக்ஸோம் பரிசோதனை வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட நோயென்றால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அடுத்த கருவின் 11 வாரத்திலிருந்தே பரிசோதிக்க முடியும், முதல் பிள்ளையின் பிழை எதுவென்று முன்பே தெரிந்திருந்தால். இன்று குடும்பங்கள் தனியார் ஆய்வகத்தில் பணம் கட்டி, 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்று வரும் அறிக்கையை நோய் என்று படித்துக்கொள்கின்றன. இரத்தம் மாவட்டத்தில் எடுக்கட்டும், பிள்ளை பயணப்பட வேண்டாம்; அறிக்கையை விளக்க மரபணு ஆலோசகர் ஒருவர் காணொளியில் வரட்டும். எல்லாம் செய்தும் காரணம் கிடைக்காத பிள்ளைகள் உண்டு. அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பெற்றோர் விடை தேடி ஸ்டெம்செல் ஊசிக் கடைகளுக்குப் போவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறை, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே அதை ஏற்கவில்லை என்ற பலகையாவது ஒவ்வொரு இடையீட்டு மையத்திலும் தொங்கட்டும்.

பயிற்சி இந்த விடைகளுக்காகக் காத்திருக்கக்கூடாது. நோயின் பெயர் தெரியாமலே உட்காரப் பழக்கலாம், பேசப் பழக்கலாம். ஆனால் இடையீட்டு மையத்தின் அமைப்பில் காது பரிசோதனைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் சேர்த்து ஒரே பணியிடம்தான். காது பார்த்தால் பேச்சு நிற்கும், பேச்சு எடுத்தால் காது வரிசை நீளும். இரண்டாகப் பிரியுங்கள். வாரம் முப்பது நிமிடப் பயிற்சியில் பிள்ளை மாறாது. அம்மாவோ அப்பாவோ கற்றுக்கொண்டால் மாறும். பத்துப் பயிற்சி அச்சிட்ட தாளைக் கொடுத்தால் ஒன்றுகூட நடக்காது. இரண்டு கொடுங்கள், குளிப்பாட்டும்போது ஒன்று, ஊட்டும்போது ஒன்று. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்து வரை மனதுக்குள் எண்ணிக் காத்திருந்து, பிள்ளை கண்ணைப் பார்த்ததும் கொடுப்பது, சொல்வதற்கு எளிது. பெரியவர்களால் மூன்றுக்கு மேல் காத்திருக்க முடிவதில்லை, அதனால் செய்து காட்ட வேண்டும். கழுத்து நிற்காத பிள்ளையை மடியில் மல்லாத்திப் பாலாடையில் ஊற்றுவதை முதல் நாளே நிறுத்தச் சொல்லுங்கள். பால் நுரையீரலுக்குப் போகும். நிமிர்த்தி, முகவாய் சற்றுத் தாழ்த்தி, சிறிது சிறிதாக.

மாவட்டத் தலைநகர் தூரம் என்றால், வட்டாரத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே போகிறார், பெரும்பாலும் முதியோரிடம். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருக்கிறார். இருவரும் ஒரே பிள்ளையைப் பற்றி ஒருவருக்கொருவர் தெரியாமல் வேலை செய்கிறார்கள். பிள்ளைக்குக் கர்ப்பகாலப் பதிவான பிக்மியில் ஓர் எண், அங்கன்வாடியின் போஷன் டிராக்கரில் ஓர் எண், பிறகு பள்ளிப் பதிவான எமிஸில் ஓர் எண், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.யில் ஓர் எண். நான்கு துறைகள் என்பதால் பெற்றோர் நான்கு முறை கதை சொல்கிறார்கள். பிக்மி எண்ணையே முதுகெலும்பாக வைத்து மற்றவற்றை அதில் இணையுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் பற்றிச் சுருக்கமாக: ஒரு வயது நிறைந்த பிள்ளைக்கே ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் என்று தற்காலிகச் சான்று தர மத்திய அரசின் விதிகளில் இடமிருந்தும், "அஞ்சு வயசுக்கு மேல வாங்க" என்று திருப்பி அனுப்புவது நடக்கிறது. முகாம் நடத்தும் மருத்துவர்களுக்கு அந்தப் பக்கத்தை நகலெடுத்து அனுப்புங்கள்.

தொடங்குவதற்கு மாவட்டத்துக்கு ஒரு வட்டாரம் போதும். சிவப்பு நூல்பந்து, கிலுகிலுப்பை, கொஞ்சம் பொரி, இழுபடாத நாடா, பதினேழு பட்டை அச்சிட்ட அட்டை, பென்சில், ஒரு பாய். மூன்று மாதம் கழித்து அறிக்கை கேட்கும்போது எத்தனை பிள்ளைகளைப் பரிசோதித்தீர்கள் என்று கேட்காதீர்கள்; அந்தக் கட்டம் எப்படியும் நிரம்பிவிடும். அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் நான்கு வாரத்துக்குள் இடையீட்டு மையத்தை அடைந்தார்கள், அடைந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாம் மாதமும் பயிற்சிக்கு வந்துகொண்டிருக்கிறார்கள் என்ற இரண்டு எண்களை மட்டும் கேளுங்கள்.

இப்படிக்கு,
வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளின் பெற்றோரும் பயிற்சியாளர்களும்